கை சின்னதில்லை, லீவர்தான் தூரம்



பதிவு நீளம். ஸ்கூட்டியில் பாடசாலைக்கும் ஒஃபிசுக்கும் போய்வருகிற சகோதரிகள், அவர்களுக்கு வண்டி எடுத்துக் கொடுக்கிற வாப்பாமார், கணவன்மார், பிறகு கராஜ் வைத்திருக்கிற தம்பிமார், மூன்று தரப்பும் கடைசிவரை வாசியுங்கள்.

"பொம்புளையளுக்குப் பிரேக் பிடிக்கத் தெரியாது."

திருகோணமலையில் ஒரு ஸ்கூட்டி எங்கே சறுக்கினாலும், கூட்டம் கூடி இரண்டு நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். டயர் தேய்ந்திருந்ததா, வீதியில் மணல் கிடந்ததா, எதிரே வந்தவர் எந்தப் பக்கம் வந்தார் என்று எந்த விசாரணையும் இல்லை. தீர்ப்பு மட்டும் வந்துவிடும். விழுந்தவளும் அபாயாவில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டு, "எனக்குத்தான் பழக்கம் காணாது" என்று தலையாட்டிவிட்டுப் போவாள்.

அந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. தீர்ப்புச் சொல்கிறவர்களிடம் ஒரேயொரு கேள்வி: அவளுடைய விரல் பிரேக் லீவருக்கு ஒழுங்காக எட்டியதா என்று யாராவது பார்த்தீர்களா?

சிரிக்க வேண்டாம். எங்கள் பாடசாலையில் வாகனம் நிறுத்துமிடத்தில் டீச்சர்மாரை அவரவர் ஸ்கூட்டியில் உட்காரவைத்துப் பார்த்தேன். ஹேண்டிலைப் பிடித்தபடி விரலை மட்டும் நீட்டி லீவரைத் தொடச் சொன்னேன். உயரமானவர்களுக்கு விரலின் நடுப்பகுதி லீவரில் உட்கார்ந்தது. மற்றவர்களுக்கு நகக்கண்தான் பட்டது. முழுசாகப் பிடிக்க வேண்டுமென்றால் உள்ளங்கையையே ஹேண்டிலிலிருந்து முன்னுக்குத் தள்ள வேண்டியிருந்தது. ஒரு டீச்சர் ஆறு வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறார். பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் ஹேண்டிலைப் பாதி கைவிட்டுப் பிடிக்கிறார். அவரிடம், "உங்களுக்குக் கஷ்டமில்லையா?" என்று கேட்டேன். "எல்லாருக்கும் இப்படித்தானே" என்றார்.

எல்லாருக்கும் இப்படி இல்லை ராத்தா. இப்படி இருக்கவும் கூடாது.

நாங்கள் ஓடுகிற வீதியை முதலில் நினைத்துப் பாருங்கள். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு, பாதைக்குக் காத்துக்கிடந்த காலம் போய், கிண்ணியாவிலிருந்து எத்தனை பெண்கள் தாங்களே ஸ்கூட்டி ஓடி நகரத்துக்கு வேலைக்கு வருகிறார்கள்! சீனக்குடாவில் மாவு ஆலைக்கும் சீமெந்து ஆலைக்கும் போகிற பெரிய லொறிகள். வழியெல்லாம் கட்டாக்காலி மாடுகள். நகரத்துக்குள் நுழைந்தால் மான்கள். வெளியூர்க்காரர் போட்டோ எடுக்கிற அதே மான் எங்களுக்கு முன்னால் திடீரென்று வீதியில் இறங்கும். வாடை மழை தொடங்கினால் துறைமுகப் பக்க வீதியெல்லாம் வழுக்கல்.

50 கிலோமீற்றர் வேகத்தில் வண்டி ஒரு செக்கனுக்குக் கிட்டத்தட்ட 14 மீற்றர் ஓடும். விரல் லீவரை எட்டித் தேடிப் பிடிக்க அரைச் செக்கன் கூடுதலாகப் போனால் 7 மீற்றர். ஒரு வகுப்பறையின் நீளம். பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே அந்தத் தூரத்தை வண்டி கடந்துவிடும். அதற்குள் என்ன நிற்கிறது என்பது அன்றைய நசீபு. லீவரைச் சரிசெய்தால் அந்த அரைச் செக்கனை நசீபிடம் விட வேண்டியதில்லை.

இனி கையைப் பற்றிப் பேசுவோம். சராசரியாகப் பார்த்தால் ஆணின் கை பெண்ணின் கையைவிட ஒன்றரை, இரண்டு சென்டிமீற்றர் நீளம். இறுக்கிப் பிடிக்கும் பலத்திலும் பெண்ணுடையது ஆணுடையதில் ஏறத்தாழ 60 வீதம்தான். இது குறையுமல்ல, வெட்கப்பட வேண்டியதுமல்ல, படைப்பு அப்படி. இன்னொன்றும் இருக்கிறது. கையை அளவுக்கு மீறி விரித்துப் பிடிக்கும்போது யாருடைய பலமும் குறையும். மணிக்கட்டு மேலே மடங்கியிருந்தாலும் குறையும். நம்பிக்கை இல்லாவிட்டால் ஒரு சின்னப் போத்தலையும் பெரிய பெயின்ட் வாளியையும் ஒரு கையால் சுற்றி இறுக்கிப் பாருங்கள். ஆக, குறைந்த பலம் உள்ள கைக்குத்தான் தூரமான லீவரைக் கொடுத்திருக்கிறோம். உள்ள பலத்தையும் பாதியில் பறித்துவிட்டு, பலமில்லை என்று நாமே சொல்கிறோம்.

கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்த ஆரம்பப் பாடங்களில் ஒன்று, பிள்ளையின் கால் தரையில் படாவிட்டால் கதிரையை மாற்று, பிள்ளையைத் திட்டாதே என்பது. இடக்கைப் பிள்ளைக்கு வலக்கைக் கத்தரிக்கோலைக் கொடுத்துவிட்டு உனக்கு வெட்டத் தெரியாது என்று சொல்கிற ஆசிரியர் ஆசிரியரே இல்லை. ஆறு வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கிற அந்த மரியாதையை முப்பது வயதுப் பெண்ணுக்கு வீதியில் ஏன் கொடுக்க மாட்டேன் என்கிறீர்கள்?

இனி, எனக்கு வரப்போகும் பதில்களுக்கு வருகிறேன். எல்லாம் கேட்டுக் கேட்டுச் சலித்தவைதான்.

முதலாவது: "கம்பனி செய்து தந்தது. அவனுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?"

கம்பனி ஒரு அளவில் ஆயிரக்கணக்கான லீவர்களை வார்க்கிறது. உங்கள் மனைவியின் கையை அளந்து வார்க்கவில்லை. கைக்கேற்றபடி தூரத்தை மாற்றலாம் என்பது கம்பனிக்காரனுக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் விலைகூடிய பெரிய பைக்குகளில் லீவரிலேயே எண் போட்ட சின்னச் சக்கரம் வைக்கிறான். திருகினால் லீவர் கிட்ட வரும், தூரப் போகும். அந்தச் சக்கரம் யாருக்கு அதிகம் தேவை? சின்னக் கைக்கு. யாருக்குக் கிடைக்கிறது? ஆறடி உயரமானவன் வாங்குகிற பைக்குக்கு. எங்களுக்கு விற்கிற ஸ்கூட்டிகளில் பெரும்பாலானவற்றில் அது இல்லை. பூப்போட்ட ஸ்டிக்கரும் ரோஸ் நிறமும் மட்டும் "லேடீஸுக்கு" என்று வருகிறது.

இரண்டாவது: "ஓட ஓடப் பழகிவிடும்."

பழகும். வலியும்தான் பழகும். பெருவிரல் அடியில் நோ, காலையில் விரல் மரத்துப்போவது, பகலெல்லாம் சோக்கட்டி பிடித்த கையோடு பின்னேரம் லீவரை இழுக்க முடியாமல் போவது, இதையெல்லாம் பழக்கம் என்று சொல்லி மூடிவைத்திருக்கிறோம். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு விரல் உணர்ச்சி குறைவதும், மூட்டு வாதம் உள்ளவர்களுக்கு விரல் மடங்காததும் எங்கள் வீடுகளில் இல்லாத ஒன்றா? இது பெண்களின் கதை மட்டுமல்ல. பழைய பைக்கில் தொழுகைக்கும் சந்தைக்கும் போய்வருகிற அறுபது வயது வாப்பாமாரின் இடது கையைக் கேளுங்கள், கிளச்சைப் பற்றிச் சொல்லும்.

மூன்றாவது: "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி எறிஞ்சுபோடும்."

பெண்பிள்ளைக்கு ஸ்கூட்டி பழக்குகிற நானாமார், காக்காமார் முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற பாடம் இது. பிரேக் பிடிக்கும்போது பாரம் முன் சில்லுக்குத்தான் போகும். அதனால் வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. பின் பிரேக்கை மட்டும் நம்பினால் நிற்கும் தூரம் கூடும், பின் சில்லு இறுகிச் சறுக்கும். மணலிலும் வளைவிலும் முன் பிரேக்கைப் பட்டென்று இறுக்கக் கூடாது என்பது உண்மை. அதற்கு மருந்து மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக இறுக்கப் பழகுவது. லீவர் கைக்குள் ஒழுங்காக உட்கார்ந்தால்தான் அப்படி அளந்து பிடிக்கலாம். நகக்கண்ணால் தொட்டு, பிறகு பாய்ந்து பிடிக்கிறவள் பட்டென்று இறுக்கத்தான் செய்வாள். எட்டாத லீவரைக் கொடுத்ததும் நீங்கள், பயத்தைக் கொடுத்ததும் நீங்கள்.

லைசன்ஸ் எடுக்கும்போது எட்டுப் போடப் பழக்குகிறார்கள், நல்லது. லீவர் எந்தச் சாய்வில் இருக்க வேண்டும், கை எங்கே இருக்க வேண்டும் என்று பத்து நிமிடம் சொல்லிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

நான்காவது பதிலைச் சொல்கிறவர்கள் இளைஞர்கள்: "டீச்சர், கலர் லீவர் வந்திருக்கு, அதைப் போடுங்க, சூப்பரா இருக்கும்."

தம்பிமாரே, உங்களோடு கொஞ்சம் கூடுதலாகப் பேச வேண்டும். சிவப்பிலும் தங்க நிறத்திலும் கட்டையாக வருகிற அந்த லீவரை ஏன் போடுகிறீர்கள்? ரேஸ் பைக்கில் பார்த்தீர்கள். ரேஸ்காரன் இரண்டு விரலால் பிடிக்கிறான் என்றால், அவனுடைய பிரேக் அதற்கென்றே செய்யப்பட்டது. உங்களுடைய 100 சிசி, 125 சிசி வண்டியின் பிரேக் நான்கு விரலால் நுனிப்பக்கம் பிடிப்பதற்குச் செய்யப்பட்டது. விஞ்ஞானப் பாடத்தில் நெம்பு படித்தீர்கள்தானே? சுழலும் ஆணியிலிருந்து 12 சென்டிமீற்றரில் பிடித்தால் 10 கிலோ பலம் போதும் என்று வையுங்கள். அதே வேலைக்கு 8 சென்டிமீற்றரில் பிடித்தால் 15 கிலோ வேண்டும். கட்டை லீவர் போட்டதும் பிரேக் "ஹார்டாகிவிட்டது" என்று கராஜுக்குப் போகிறீர்கள். பிரேக் மாறவில்லை, நீங்கள் பிடிக்கிற இடம்தான் மாறியிருக்கிறது.

நுனியில் இருக்கிற உருண்டையை வெட்டி எறிகிறவர்களும் இருக்கிறார்கள். அது அழகுக்கு வைத்த குமிழ் இல்லை. விழும்போது லீவர் ஈட்டிபோல உடம்பில் குத்தாமல் இருக்க வைத்தது. நீங்கள் பார்த்து ஆசைப்பட்ட சர்வதேசப் பந்தயங்களின் விதியிலேயே அந்த உருண்டை 16 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது என்று இருக்கிறது.

இன்னும் பெரிய ஆபத்து ஒன்று டிஸ்க் பிரேக்கில் இருக்கிறது. லீவரின் உள்முனை பிரேக் ஒயில் டப்பாவுக்குள் இருக்கிற பிஸ்டனைத் தள்ளுகிறது. கையை விட்டதும் பிஸ்டன் முழுசாகப் பின்னுக்கு வர வேண்டும். உங்கள் வண்டிக்கென்று செய்யாத லீவரின் முனை கொஞ்சம் நீளமாக இருந்தால், பிஸ்டன் எப்போதும் சற்று அமுங்கியே இருக்கும், ஒயில் திரும்பும் சின்னத் துவாரம் மூடிக்கொள்ளும். ஓட ஓட ஒயில் சூடாகி விரியும், நீங்கள் தொடாமலே பிரேக் தானாக இறுகும். சில்லு நடுவீதியில் இறுகினால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. சில லீவர்களில் பிரேக் லைட் சுவிட்சும் வேலை செய்யாது. நீங்கள் நிற்பது பின்னால் வருகிற லொறிக்காரனுக்குத் தெரியாது.

2025 ஜனவரியில் "கிளீன் ஸ்ரீலங்கா" என்று பொலிஸார் வாகனங்களை நிறுத்தி மேலதிக அலங்காரங்களைக் கழற்றவைத்தபோது ஊரெல்லாம் சைலன்சரையும் லைட்டையும் பற்றித்தான் பேச்சு. லீவரைப் பற்றி ஒருவரும் பேசக் கேட்கவில்லை. சத்தம் காதுக்குக் கேட்கும். கட்டை லீவர் சத்தமில்லாமல் ஆளைக் கொல்லும்.

நல்ல தரமான, உங்கள் மொடலுக்கென்றே செய்த, தூரம் மாற்றக்கூடிய லீவர் கிடைத்தால் தாராளமாகப் போடுங்கள், நான் தடுக்கவில்லை. வாங்கும்போது நிறத்தைப் பார்க்க முன்பு நான்கு விரலும் பிடிக்கும் நீளமா, நுனியில் உருண்டை இருக்கிறதா, ஆணியில் ஆட்டம் இல்லாமல் இருக்கிறதா, விட்டதும் முழுசாகத் திரும்புகிறதா, லைட் எரிகிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று இல்லையென்றாலும் கழற்றிக் கடைக்காரனின் மேசையில் வைத்துவிட்டு வாருங்கள்.

கராஜ் பாஸ்மாருக்கு ஒரு வார்த்தை. உங்கள் உழைப்பை மதிக்கிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருடமும் பழைய வண்டிகளை உயிரோடு வைத்திருந்தது நீங்கள்தான். இந்த நாட்டில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்கள் என்பதால், உங்கள் ஸ்பெனரில் எத்தனை குடும்பம் தொங்குகிறது என்று உங்களுக்கே தெரியும். ஆனால் ஒரு பெண் வண்டியைக் கொண்டுவந்தால் நீங்கள் உங்கள் கையால் லீவரைப் பிடித்துப் பார்த்துவிட்டு "சரி" என்கிறீர்கள். உங்கள் கைக்குச் சரி. அவளை உட்காரச் சொல்லி, அவள் கையால் பிடிக்கச் சொல்லி, பிறகு "சரியா தங்கச்சி?" என்று கேளுங்கள். விழுந்து வளைந்த லீவரைச் சுத்தியலால் தட்டி நேராக்கிக் கொடுக்கிற வேலையையும் விடுங்கள். வார்ப்பு அலுமினியம் ஒருமுறை வளைந்தால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கும். அவசரத்தில் இறுக்கிப் பிடிக்கிற அந்த ஒரு நாளில்தான் அது கையோடு முறிந்து வரும்.

இனி சகோதரிகளுக்கு. யாரையும் எதிர்பார்க்காமல் நீங்களே பார்த்துக்கொள்ளக் கூடியவற்றை எழுதுகிறேன். சேமித்து வையுங்கள்.

1. வழக்கமாக உட்காருகிறபடி உட்காருங்கள். முழங்கையிலிருந்து விரல்வரை நேர்கோடாக இருக்கட்டும். விரலை நீட்டும்போது மணிக்கட்டு மேலேயும் மடங்கக் கூடாது, கீழேயும் மடங்கக் கூடாது. மடங்கினால் லீவரின் சாய்வு பிழை. பைக்கில் லீவரைப் பிடித்திருக்கிற கிளாம்ப் ஆணிகளைத் தளர்த்திச் சுழற்றினால் சரியாகிவிடும், ஐந்து நிமிட வேலை. ஸ்கூட்டியில் மூடி கழற்ற வேண்டியிருக்கும், சிலவற்றில் சுழற்றவே முடியாது. கராஜில் கேளுங்கள்.

2. ஹேண்டிலை விடாமல் விரலை நீட்டினால், நுனியிலிருந்து முதலாவது மூட்டாவது லீவரைத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் உங்களுக்கு அந்த லீவர் தூரம். மொடலுக்கேற்ற, கிட்டக் கொண்டுவரக்கூடிய லீவர் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

3. முழு பலத்தோடு பிடிக்கும்போது லீவர் ஹேண்டிலில் முட்டக் கூடாது. கேபிள் பிரேக்கில் முட்டினால் சூ தேய்ந்திருக்கிறது அல்லது கேபிள் தளர்ந்திருக்கிறது. டிஸ்க்கில் பஞ்சுபோல அமுங்கினால் ஒயிலில் காற்று அல்லது ஈரம் போயிருக்கிறது. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சாமான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள்.

4. கேபிள் பிரேக்கிலும் கிளச்சிலும் லீவரின் நுனி கொஞ்சத் தூரம் சும்மா அசைய வேண்டும். பெரும்பாலான சின்ன வண்டிகளுக்கு 10 முதல் 20 மில்லிமீற்றர் என்று கையேட்டில் இருக்கும், உங்கள் வண்டியின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். "டைட்டாக வைத்துத் தாங்க" என்று அந்த அசைவையே இல்லாமலாக்கிவிட்டால் சூ எப்போதும் உரசிச் சூடாகும், கிளச் வழுக்கும்.

5. லீவர் கனமாக இருந்தால் உங்கள் கையைக் குறைசொல்ல முன்பு கேபிளைப் பாருங்கள். கடற்காற்றில் உப்பேறித் துருப்பிடித்த கேபிளை எந்தப் பயில்வானும் இலகுவாக இழுக்க மாட்டான். எண்ணெய் விடுங்கள், நூல் பிரிந்திருந்தால் மாற்றுங்கள். ஆணியில் துளி கிறீஸ்.

6. வெயிலுக்காகப் போடுகிற மெல்லிய நைலோன் கையுறை வியர்த்தால் வழுக்கும். உள்ளங்கைப் பக்கம் ரப்பர் புள்ளி வைத்ததாகப் பாருங்கள். அபாயாவின் அகலக் கை லீவருக்கும் ஹேண்டிலுக்கும் இடையில் சிக்காமல் மணிக்கட்டில் இறுக்கிக்கொள்ளுங்கள். கொப்பிப் பையையும் சொப்பிங் பேக்கையும் ஹேண்டிலில் தொங்கவிடாதீர்கள். முன்னால் பிள்ளையை நிற்கவைத்தால் அதன் கை முதலில் போகிற இடமும் லீவர்தான் என்பதை மறக்காதீர்கள்.

7. வெறும் இடமொன்றில், மெதுவான வேகத்தில், இரண்டு பிரேக்கையும் சேர்த்து அளந்து பிடித்து நிறுத்தப் பழகுங்கள். வாரத்துக்குப் பத்துத் தடவை. மான் குறுக்கே வரும் அன்று கைக்குத் தானாக வர வேண்டும்.

கடைசியாக, வாப்பாமாருக்கும் கணவன்மாருக்கும். ஸ்கூட்டி வாங்கப் போகும்போது மைலேஜ் கேட்கிறீர்கள், லீசிங் கட்டுக்காசு கேட்கிறீர்கள், மறுபடி விற்றால் என்ன விலை போகும் என்று கேட்கிறீர்கள். ஓடப்போகிறவளை ஷோரூமில் ஓரமாக நிற்கவைத்துவிட்டு நீங்கள் ஏறி உட்கார்ந்து பார்க்கிறீர்கள். அவளை ஏற்றுங்கள். இரண்டு லீவரையும் பிடிக்கச் சொல்லுங்கள். எட்டவில்லை என்றால் அந்த வண்டி எவ்வளவு மலிவென்றாலும் உங்கள் வீட்டுக்கு உரியதல்ல. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையான புதிய வண்டிகளில் ஒரு லீவரைப் பிடித்தால் இரண்டு சில்லிலும் பிரேக் விழும் ஏற்பாடு அல்லது ஏபிஎஸ் கட்டாயமாக்கப்பட்டது. எங்கள் வீதியில் ஓடுகிற ஸ்கூட்டிகளில் பல அதற்கு முந்தியவை. பழைய வண்டி வாங்கினால் இன்னும் கூடுதலாகப் பாருங்கள்.

ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் பேசக் கூடாது என்று சின்ன வயதிலேயே மத்ரஸாவில் படித்தோம். லீவரைப் பார்க்காமல் "அல்லாஹ் பாதுகாப்பான், போய் வா" என்று வாசலில் நின்று கையசைப்பதும் அதே பிழைதான்.

அடுத்த முறை வீதியில் ஒரு ஸ்கூட்டி விழுந்து கிடந்தால், முதலில் அவளைத் தூக்குங்கள். தண்ணீர் கொடுங்கள். பிறகும் தீர்ப்புச் சொல்லியே ஆக வேண்டும் என்றால், அவள் கையை ஹேண்டிலில் வைக்கச் சொல்லி, விரலுக்கும் லீவருக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.